தீபாவளிக்கு ஊரில் இல்லை, பொன்னியை எங்கே விடுவது?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 61 வயது. மதுரையில் நானும் என் கணவரும் மட்டும் இருக்கிறோம். எங்கள் நாய் பொன்னிக்கு ஐந்து வயது. சிப்பிப்பாறைக் கலப்பு என்று சொல்லித்தான் குட்டியாகக் கொடுத்தார்கள். வந்த நாளிலிருந்து என் கட்டிலுக்குக் கீழேதான் தூக்கம். தயிர்சாதம், வேகவைத்த கோழி, முட்டை என்று வீட்டுச் சாப்பாடுதான். சிங்கப்பூரில் மகன் வீட்டில் பேரனின் முதல் பிறந்தநாளுக்காக 15 நாள் போகிறோம். நடுவில் தீபாவளியும் வந்துவிடுகிறது. இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. வெடிச் சத்தம் கேட்டால் பொன்னி குளியலறை மூலைக்குப் போய் நடுங்குவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டில் இரண்டு நாள் விட்டபோது சோற்றைத் தொடவே இல்லை. தடுப்பூசியும் அந்த வருஷம் போட்டதுதான். நாய்க் காப்பகத்தில், அதாவது போர்டிங்கில் விடலாம் என்கிறார் கணவர். எப்படித் தயார்படுத்துவது? நாங்கள் கைவிட்டுவிட்டதாக அவள் நினைத்துக்கொள்வாளா?

— ஒரு வாசகி, மதுரை

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி, "இன்னும் எட்டு வாரம் இருக்கிறது" என்பது. என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் ரயில் ஏறுவதற்கு மூன்று நாள் முன்னால் வந்து, "ஒரு தூக்க மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று நிற்பார்கள். மூன்று நாளில் ஒரு நாய்க்கு எதையும் பழக்க முடியாது. எட்டு வாரத்தில் நிறையச் செய்யலாம்.

போர்டிங் பேச்சுக்குப் போவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். பொன்னிக்கு ஏற்கெனவே பழக்கமான யாராவது, உங்கள் தங்கை, அண்ணன் மகன், நீண்டநாள் வேலைக்கு வரும் அம்மா, உங்கள் வீட்டிலேயே வந்து 15 நாள் தங்க முடியுமா? முடியும் என்றால் அதுதான் என் முதல் தேர்வு. வெடிக்குப் பயந்த நாய்க்குத் தன் குளியலறை மூலையைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை. ஆனால் தினமும் இரண்டு வேளை வந்து சோறு வைத்துவிட்டுப் போகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தீபாவளி ராத்திரி பூட்டிய வீட்டில் தனியாக இருப்பதைவிட, ஆள் இருக்கும் நல்ல போர்டிங் எவ்வளவோ மேல்.

அப்படி யாரும் இல்லை என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவதில் முக்கியமானது ஒன்றுதான். பொன்னி காப்பகத்தில் தங்கும் முதல் ராத்திரி, நீங்கள் விமானம் ஏறும் நாளாக இருக்கக் கூடாது. அதற்குள் அந்த இடத்தில் அவள் மூன்று நான்கு ராத்திரியாவது தூங்கி எழுந்து, ஒவ்வொரு தடவையும் நீங்கள் வந்து கூட்டிப் போயிருக்க வேண்டும். "இவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள், அப்புறம் வருவார்கள்" என்பதை நாய்க்கு வாயால் சொல்லிப் புரியவைக்க வழியில்லை. நடந்து நடந்துதான் அதற்குத் தெரியும். பக்கத்து வீட்டில் அவள் சாப்பிடாமல் இருந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும். அந்த வீட்டில் குறை ஒன்றும் இருந்திருக்காது, ஒத்திகை இல்லாமல் நேரே இரண்டு நாள் விட்டதுதான் கஷ்டம்.

முதல் வேலை தடுப்பூசி. இந்த வாரமே போங்கள். இரண்டு வருஷ இடைவெளி விழுந்திருப்பதால், வழக்கமான கூட்டுத் தடுப்பூசியில் எலிக் காய்ச்சல் பகுதிக்கு ஒரே ஊசி போதாது. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இன்னொன்றும் போட வேண்டியிருக்கும். எலிக் காய்ச்சலை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம், தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். தண்ணீர் தேங்கும், எலிகள் மேடான இடம் தேடி வரும். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் நடந்தாலே, நக்கினாலே நாய்க்கு வரும், மனிதருக்கும் வரும். சோறும் தானியமும் இருக்கும் எந்தக் காப்பகத்தையும் எலி தேடி வரத்தான் செய்யும். வெறிநோய்த் தடுப்பூசியையும் அதே நாளில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே கென்னல் காஃப் என்கிற தொற்று இருமலுக்கு மூக்கில் சொட்டு விடும் தடுப்பு மருந்து கிடைக்குமா என்று விசாரியுங்கள். பல நாய்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இந்த இருமல் சளி மாதிரிப் பரவும். எல்லாம் போட்ட பிறகு தடுப்பூசி அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உண்ணிக்கும் இப்போதே வழி செய்ய வேண்டும். ஒரு மாதம் வேலை செய்யும் மெல்லும் மாத்திரை இருக்கிறது, மூன்று மாதம் வேலை செய்வதும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கானதை ஒத்திகை தொடங்கும் முன் கொடுத்தால் ஒத்திகை நாட்களும் பயண நாட்களும் சேர்ந்து அடங்கிவிடும். அவளுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள், அப்போது வேறு மருந்து பார்ப்பார்.

பொன்னிக்குக் கருத்தடை செய்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால், கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தாள் என்று எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய ஆறு ஏழு மாதத்துக்கு ஒருமுறை வரும். கணக்கு உங்கள் பயண நாட்களில் விழுந்தால் அதைக் காப்பகத்தாரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பல இடங்களில் எடுக்கவே மாட்டார்கள், எடுக்காததும் நியாயம்தான்.

இடம் தேடுவதை ஊசி போட்ட அதே வாரத்தில் தொடங்கிவிடுங்கள். தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போவதால் நல்ல இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். போனில் பேசி முடிக்காதீர்கள். நேரில் போய், வரவேற்பு அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், நாய்கள் தூங்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அங்கிருந்தே கிளம்பிவிடலாம். தரை காய்ந்திருக்கிறதா, காற்று வருகிறதா, மூத்திர வாடை மூக்கைத் துளைக்கிறதா, உள்ளே இருக்கும் நாய்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். புது ஆளைப் பார்த்துக் குரைப்பது சரிதான். குரைக்காமல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருவதும், மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு திரும்பாமல் இருப்பதும்தான் என்னைக் கவலைப்படுத்தும். தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று அவர்களாகவே கேட்க வேண்டும். கேட்காத இடம் உங்கள் நாய்க்கு மட்டுமல்ல, பக்கத்துக் கூண்டு நாய்க்கும் கேட்டிருக்காது.

ராத்திரி அங்கே யார் தங்குகிறார்கள் என்பதுதான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்கச் சொல்லும் கேள்வி. ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டுக் காலை ஆறுக்கு வருகிற இடங்கள் இருக்கின்றன. அதையே தீபாவளிக்குக் குறிப்பாகக் கேளுங்கள். அன்று வேலையாட்களுக்கும் பண்டிகைதானே. அன்று ராத்திரி எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை நாய்கள் இருக்கும், வெடிச் சத்தம் வரும்போது நாய்களை எங்கே வைப்பார்கள்? தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் பட்டாசுக்கு அனுமதி என்று 2018 முதல் இருந்தாலும், நமக்குத் தெரியும், ஒரு வாரம் முன்னாலேயே தெருவில் ஆரம்பித்துவிடும். அதனால் தகர ஷெட்டும் கம்பிவலையுமாக இருக்கும் இடம் பொன்னிக்கு வேண்டாம். சுவர் எழுப்பிய, மேலே கான்கிரீட் போட்ட, கதவு மூடக்கூடிய அறை வேண்டும். ஊருக்குள் இருக்கும் காப்பகத்தைவிட, கொஞ்சம் தள்ளி வயல் பக்கம் இருப்பது இந்த ஒரு வாரத்துக்கு நல்லது.

சிப்பிப்பாறை என்றதால் இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். தென் மாவட்டத்துக் கரிசல் காட்டில் முயலைத் துரத்துவதற்கென்றே வளர்த்த சாதி இது. பயம் வந்தால் ஓடும், ஓடினால் சுவர் தடையாகத் தெரியாது. ஒரு தீபாவளி மறுநாள், ஒரு காப்பகத்தில் ஆறடி மதிலைத் தாண்டி ஓடிய, இதே மாதிரி வேட்டை இனமான கன்னி நாயை என்னிடம் தூக்கி வந்தார்கள். நான்கு பாதத்திலும் தோல் உரிந்து போயிருந்தது. பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன் வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து அழுதபடி போனில் கேட்ட கேள்விகள் இன்னும் என் காதில் இருக்கின்றன. அன்றிலிருந்து நான் இந்த வகை நாய்களுக்கு இரட்டைக் கதவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். அதாவது, அறைக் கதவு திறந்தாலும் அடுத்து இன்னொரு கதவு மூடியிருக்க வேண்டும். வெட்டவெளியில் கயிறில்லாமல் விளையாட விடக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது விஷயம் கழுத்துப் பட்டை. இந்த நாய்களுக்குத் தலை ஒடிசல், கழுத்தைவிடக் குறுகல். சாதாரணப் பட்டை மாட்டிப் பின்பக்கம் இழுத்தால் காது வழியாக வழுக்கி வந்துவிடும். இன்றே பொன்னியை முன்னால் நிறுத்திப் பட்டையை மெல்ல இழுத்துப் பாருங்கள், எவ்வளவு சுலபம் என்று தெரியும். இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை கிடைக்கிறது. அது இல்லாவிட்டால், நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி வரும் ஹார்னஸும் பட்டையும் இரண்டையும் மாட்டி, இரண்டிலும் கயிறு கட்டச் சொல்லுங்கள். பட்டையில் உங்கள் சிங்கப்பூர் எண் வேண்டாம், மதுரையில் உடனே எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணை எழுதுங்கள். மைக்ரோசிப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. அரிசியளவு சில்லு, தோலுக்கடியில் ஒரு ஊசியில் போய்விடும். பட்டை கழன்றாலும் அது கழலாது.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. கட்டிலுக்கடியில் தூங்கும் பழக்கத்தை ஒரேயடியாக மாற்ற வேண்டாம். ஒரு தடித்த விரிப்பையோ பழைய போர்வையை மடித்துத் தைத்ததையோ அதே இடத்தில் போடுங்கள். பத்து நாள் அதில் படுக்கட்டும். அப்புறம் அதைக் கட்டிலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் போடுங்கள், பிறகு வாசற்படி ஓரம், பிறகு அடுத்த அறை. விரிப்பில் போய்ப் படுக்கும்போதெல்லாம் ஒரு சின்னத் துண்டு கோழி. நாம் பழக்க நினைப்பது "விரிப்பு எங்கே இருக்கிறதோ அது என் இடம்" என்பதை. நாளைக்குக் காப்பகத்தின் அறையில் அந்த விரிப்பைப் போடும்போது, தன் வாசனையுள்ள ஒரு நாலடி அவளுக்கு அங்கே இருக்கும்.

அதோடு ஒரு வேளைச் சாப்பாட்டைச் சின்ன அறையில் கதவைச் சாத்திக் கொடுக்கப் பழக்குங்கள். முதல் நாள் அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் திறந்துவிடுங்கள். பிறகு இரண்டு நிமிஷம், ஐந்து, பதினைந்து, அரை மணி. அவள் கதவைப் பிராண்ட ஆரம்பித்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். மறுநாள் பாதி நேரத்துக்குத் திரும்புங்கள். வாரத்தில் மூன்று நாளாவது உங்கள் இருவரைத் தவிர வேறொருவர் கையால் சோறு சாப்பிடட்டும், வேறொருவர் கயிற்றைப் பிடித்து நடத்தட்டும். பக்கத்து வீட்டுப் பையன் போதும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் உங்கள் கையைத் தவிர வேறு கை தெரியாத நாய்தான் போர்டிங்கில் பட்டினி கிடக்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை காப்பகத்தின் பழக்கத்துக்கு அவளை மாற்றுவதைவிட, அவள் சாப்பாட்டையே அங்கே கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். பலர் சோறும் கோழியும் வேகவைத்துத்தான் போடுகிறார்கள், தயிர் மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்தால் போதும். உலர் தீவனம்தான் கொடுப்போம் என்றால், அதே தீவனத்தை வாங்கி வந்து ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம். புது இடத்தின் பதற்றமும் அதோடு சேர்ந்தால் இன்னும் மோசமாகும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம் என்பதையும், தீபாவளி நெய்ப் பலகாரம் எதுவும் கொடுக்கக் கூடாது என்பதையும் எழுத்தில் கொடுங்கள். பண்டிகையன்று பாசத்தில் யாராவது அதிரசத்தை ஊட்டிவிடுவார்கள்.

வெடிச் சத்தத்துக்கு வருகிறேன். பட்டாசுச் சத்தப் பதிவுகள் யூடியூபில் கிடைக்கும். காது கொடுத்துக் கேட்டால்தான் கேட்கும் என்ற அளவில் மெதுவாக வைத்து, அந்த நேரம் முழுக்க அவளுக்கு மிகவும் பிடித்ததைத் தின்னக் கொடுங்கள். நிறுத்தியதும் தீனியும் நிற்க வேண்டும். தினம் ஐந்து நிமிஷம் போதும். அவள் காதைப் பின்னால் மடக்காமல் சாப்பிடும் வரையில், சில நாளுக்கொருமுறை ஒரு புள்ளி மட்டும் கூட்டலாம். கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால், தீனியை விட்டுவிட்டு எழுந்தால் உடனே குறைத்துவிடுங்கள். எட்டு வாரத்தில் பயம் முழுக்கப் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். குறையும், அவ்வளவுதான். அதனால் மருந்தும் வேண்டியிருக்கலாம்.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அசிப்ரோமசின் என்ற பழைய மாத்திரையை இன்னும் சிலர் பட்டாசுக்குக் கொடுக்கிறார்கள். அது உடம்பை அசையவிடாமல் செய்யும், உள்ளே இருக்கும் பயத்தைத் தொடாது. அசையாமல் கிடக்கும் நாயைப் பார்த்து நாம் நிம்மதியடைவோம், நாய்க்கோ ஓடவும் முடியாமல் சத்தம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். டிராசடோன், கபாபென்டின் மாதிரி பயத்தையே குறைக்கும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. பொன்னியை நேரில் பார்த்து, எடை போட்டு, உங்கள் மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். இந்த ஒடிசலான நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் எதிர்பார்த்ததைவிட நீண்ட நேரம் நிற்கும் என்பதால், எதுவாக இருந்தாலும் முதல் மாத்திரையை உங்கள் வீட்டில், நீங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு பகலில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது நான்காவது வாரத்தில் காப்பகத்துக்குக் கூட்டிப் போக ஆரம்பிக்கலாம். முதல் தடவை விட்டுவிட்டு வர வேண்டாம். சுற்றிக் காட்டி, அங்கே வேலை செய்பவர் கையால் இரண்டு துண்டு கோழி தின்றதும் கிளம்பிவிடுங்கள். அடுத்து இரண்டு மணி நேரம். அப்புறம் ஒரு பகல். அப்புறம் ஒரு ராத்திரி. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் சேர்ந்தாற்போல இரண்டு ராத்திரி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி ஒத்திகைக்குப் பிறகு இரண்டு வார இடைவெளி கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே ஏதாவது தொற்று இருந்தால் இருமலோ வயிற்றுப்போக்கோ பெரும்பாலும் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு ராத்திரி விட்டதில் சாப்பிடவில்லை என்றால் பயப்படாதீர்கள், முதல் நாளில் சாப்பிடாத நாய்கள் ஏராளம். ஆனால் இரண்டு ராத்திரி ஒத்திகையிலும் ஒரு வாய் எடுக்கவில்லை, கம்பியைக் கடித்து ஈறு கிழிந்திருக்கிறது, தொண்டை கட்டிப்போகும் வரை ஊளையிட்டாள் என்றால், போர்டிங் அவளுக்குச் சரிப்படவில்லை. அப்போது யாரையாவது வீட்டில் தங்கவைக்க வழி தேட உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் கையில் இருக்கும்.

புறப்படும் நாளன்று விடாதீர்கள், இரண்டு நாள் முன்னால் விடுங்கள். ஏதாவது சரியில்லை என்றால் நீங்கள் ஊரில் இருப்பீர்கள். காலையில் நீண்ட நடை, கொஞ்சமாகச் சாப்பாடு, அவள் விரிப்பு, நீங்கள் உடுத்தித் துவைக்காத ஒரு பருத்திப் புடவை. துணியைக் கிழித்து விழுங்கும் பழக்கம் இருந்தால் மட்டும் புடவை வேண்டாம். கயிற்றைக் காப்பகத்து ஆள் கையில் கொடுத்ததும் சாதாரணமாக "வர்றேன்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிடுங்கள். கட்டிப்பிடித்து அழுதால் ஏதோ ஆபத்து என்று அவளுக்குப் பட்டுவிடும். அழுகை காருக்குள் வந்தபின் வரட்டும். என் நாயை விட்டுவிட்டு வந்த நாளில் நானும் அழுதிருக்கிறேன்.

ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்: உங்கள் மருத்துவர் பெயர், எண், அவசரமென்றால் எவ்வளவு தொகை வரை கேட்காமல் செலவழிக்கலாம், மதுரையில் உங்கள் சார்பாக முடிவெடுக்கும் ஒருவர் யார் என்று. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே ராத்திரி பத்தரை என்றால் உங்களுக்கு ஒரு மணி, தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

தினமும் அழகான போட்டோ கேட்காதீர்கள். சாப்பிட்டு முடித்த தட்டு, காலையில் போன மலம், பத்து நொடி நடக்கும் வீடியோ, இந்த மூன்றும் எனக்குச் சொல்லும் விஷயத்தை எந்தப் போஸும் சொல்லாது. வீடியோ காலில் நீங்கள் பேசி அவளைக் கூப்பிடுவதும் வேண்டாம். குரல் கேட்டு ஆளைத் தேடி அன்று முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். 24 மணி நேரம் தண்ணீர் குடிக்கவில்லை, இரண்டு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, வாந்தி, ரத்தம் கலந்த போக்கு, 103 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் உங்களைக் கேட்காமலே மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் அவள் குதிப்பாள், ஒரு சட்டி தண்ணீரை மடமடவென்று குடிப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அன்று விருந்து வேண்டாம், அதே தயிர்சாதம் போதும். இரண்டு நாள் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவாள், அது சகஜம். மூன்று வாரம் வரை காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது, ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துச் சோர்வாக, ஈறு வெளிறி ஆரம்பிக்கும். அப்போது "போர்டிங் போய் வந்தது" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொன்னால் ரத்தப் பரிசோதனை சீக்கிரம் நடக்கும்.

கைவிட்டுவிட்டதாக நினைப்பாளா என்று கேட்டிருந்தீர்கள். உங்களைத் தேடுவாள் அம்மா, அதை மறைக்க மாட்டேன். முதல் இரண்டு மூன்று நாள்தான் கடினம். அதற்குள் காலையில் யார் கதவைத் திறப்பார், எப்போது சோறு வரும், எப்போது நடை என்று ஒரு ஒழுங்கு பிடிபட்டுவிடும், பெரும்பாலான நாய்கள் அதற்குப் பிறகு அடங்கும். அவள் 15 நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நான்கு தடவை விட்டு, நான்கு தடவையும் வந்து கூட்டிப்போன முகம் உங்களுடையது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஊசி முதலில், இடம் அடுத்து. ஒரு ராத்திரி ஒத்திகை முடிந்ததும் மறுபடி எழுதுங்கள். எவ்வளவு சாப்பிட்டாள், எங்கே படுத்தாள், கூட்டிவரப் போனபோது வாலை ஆட்டிக்கொண்டு வந்தாளா, ஒடுங்கி வந்தாளா என்று குறித்து அனுப்புங்கள். அதை வைத்து இரண்டு ராத்திரி விடலாமா என்று சொல்கிறேன்.